கைக்கும் கியருக்கும் நடுவே

எஞ்சின் இல்லாத காரில் உட்கார்ந்து பெரியப்பா கியர் போட்டுக்கொண்டிருந்தார்.

தென்னேரியில் அவர் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போரை ஒட்டிய தகரக் கொட்டகை அது. அம்பாசடரின் பழைய எஞ்சினும் கியர்பாக்ஸும் முந்தின நாள் சாயங்காலம்தான் செயின் பிளாக்கில் தொங்கி வெளியே வந்திருந்தன. நான் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். மேலே அவர் கை அசைய அசைய, எஞ்சின் இருந்த வெற்றிடத்தில், ஸ்டியரிங் தூணின் அடியில் ஒரு தண்டு அசைந்தது. லிவரைத் தன் பக்கம் இழுத்தால் தண்டு தன் நீளவாக்கில் கொஞ்சம் நகரும். லிவரைத் தூக்கினாலோ தாழ்த்தினாலோ இருந்த இடத்திலேயே சுழலும். முதல் கியர், இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் பழக்கத்தில் போட்டுக்கொண்டே போனார். தண்டின் நுனியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனாலேயே அசைவு மட்டும் தனியாக, தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ முறை அந்த வண்டியில் போயிருக்கிறேன். அந்த அசைவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எஞ்சினை எது வேணா போடுங்கப்பா. கியர் மட்டும் இங்கயே இருக்கணும்” என்றார். அவர் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்தார். “பெரியவரே, புதுப் பெட்டிக்கு ஃப்ளோர் கியர்தான் வரும். கீழ ஒரு ஓட்டை போட்டா அரை நாள் வேலை. ஸ்டியரிங்லயே வேணும்னா எத்தனை நாள்னு சொல்ல முடியாது.”

அரை நாளுக்கும் எண்ணிச் சொல்ல முடியாத நாட்களுக்கும் நடுவில் இருக்கும் அறிவியலைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

கியர் மாற்றுவது ஒரே செயல் போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு செயல். மூன்று டிராயர் உள்ள மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த டிராயர் என்று முதலில் கையை அதன் எதிரே கொண்டுபோகிறோம். பிறகு இழுக்கிறோம் அல்லது தள்ளுகிறோம். கியர்பாக்ஸுக்குள்ளும் இப்படித்தான், பக்கத்தில் பக்கத்தில் மூன்று செலக்டர் தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கவை மாட்டியிருக்கும். மெக்கானிக்குகள் ஃபோர்க் என்பார்கள். ஒரு தண்டை முன்னால் தள்ளினால் 1, பின்னால் இழுத்தால் 2. அடுத்ததில் 3, 4. மூன்றாவதில் ரிவர்ஸ். ஒவ்வொரு தண்டுக்கும் எதிரே லிவர் நிற்கும் நிலையைத் ‘தளம்’ என்போம். எந்தத் தண்டு என்பதைத் தீர்மானிக்கும் அசைவைத் ‘தேர்வு’ என்றும், அந்தத் தண்டை நகர்த்தும் அசைவைத் ‘தள்ளல்’ என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் இரண்டு காவல்காரர்களும் உண்டு. ஒன்று, ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த எஃகுக் குண்டு. தண்டில் வெட்டிய பள்ளத்தில் அது விழும்போதுதான் ‘கியர் விழுந்தது’ என்று கை உணர்கிறது. இரண்டாவது, தண்டுகளுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கும் சின்ன முளை. ஒரு தண்டு நகர்ந்துவிட்டால் மற்றவை நகராதபடி அது பூட்டிவிடும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்தால் சக்கரத்துக்குப் போகும் ஒரே தண்டை இரண்டு வேகத்தில் சுழலச் சொன்னது போலாகிவிடும், பெட்டியே உடையும். எஞ்சின் மாற்றுகிறவர்கள் வெளியே எதை வெட்டினாலும் ஒட்டினாலும் இந்த இரண்டையும் தொடக் கூடாது.

தேர்வு, தள்ளல் என்ற இரண்டு அசைவுகளையும் ஓட்டுநரின் கையிலிருந்து பெட்டி வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். ஃப்ளோர் கியரில் இது எளிது. கம்பு நேராகப் பெட்டியின் தலையில் நிற்கிறது. இடம் வலமாக ஆட்டினால் தேர்வு, முன்பின்னாக ஆட்டினால் தள்ளல். ஸ்டியரிங் கியரில் கைக்கும் பெட்டிக்கும் நடுவே நல்ல தூரம். ஒரே தண்டு இரண்டு செய்தியையும் சுமக்கிறது: நீளவாக்கில் நகர்வது தேர்வு, சுழல்வது தள்ளல். பின்பக்கம் எஞ்சின் வைத்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரிலும் தரைக்கு நடுவே ஒரே தண்டுதான் ஓடும், ஆனால் மறுதலையாக: அங்கே நகர்வது தள்ளல், சுழல்வது தேர்வு. ஒரு தண்டு, இரண்டு சுதந்திரங்கள். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்டியரிங் கியர் 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. காரணம் தரையைக் காலி செய்வதுதான். முன்பக்கம் நீளமான ஒற்றை சீட் போட்டு மூன்று பேர் உட்காரலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து 1950களின் இறுதியில் உத்தரப்பாடாவில் தயாராகத் தொடங்கிய அம்பாசடரும், பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் பத்மினியும் இந்த ஏற்பாட்டோடுதான் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடின. கல்யாணத்துக்குப் போகும் அம்பாசடரில் முன்சீட்டில் மூன்று பேரும் மடியில் ஒரு குழந்தையும் இருந்ததற்கு அந்த மெல்லிய தண்டுதான் காரணம். பெரியப்பா கேட்டதும் அதைத்தான். தரையில் கம்பு முளைத்தால் பெரியம்மாவுக்கு முன்சீட்டில் கால் வைக்க இடமில்லை.

அம்பாசடரைத் தயாரித்த நிறுவனமே ஒருமுறை எஞ்சின் மாற்றியது. 1990களின் தொடக்கத்தில் பழைய 1489 சிசி எஞ்சின் வண்டியோடு, இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்த வண்டியும் வந்தது. ஐந்து கியர் பெட்டி. கியர் தரைக்கு இறங்கியது. முன்சீட்டும் இரண்டாகப் பிரிந்தது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசடர் வாங்கியவர்களின் நினைவில் இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு வண்டிகள்தான்.

நம் பக்கத்திலேயே இன்னும் துணிச்சலான ஓர் எஞ்சின் மாற்றம் நடந்திருக்கிறது. பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ காரை வெளியிட்டது. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. எஞ்சினோ 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்ட் வான்கார்டின் வழிவந்த 1991 சிசி எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதிருக்கிறது. வான்கார்டு காரில் அந்த எஞ்சினுக்குப் பின்னால் மூன்று கியர் பெட்டி, ஸ்டியரிங்கில் லிவர். ரோவரின் உடலுக்குள் வந்தபோது லிவர் தரையில். வண்டி 1988 வரைதான் தயாரானது. விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. ஆனாலும் எஞ்சினை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கொண்டுபோகிறவன் எஞ்சினோடு நிற்க முடியாது, கையையும் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் கொட்டகைக்கு வந்ததும் இசுசு எஞ்சினும் அதன் ஐந்து கியர் பெட்டியும்தான். எஞ்சினை உட்கார வைப்பது, மவுண்டிங் பற்ற வைப்பது, ஜாயின்ட் ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்வது எல்லாம் வாலாஜாபாத் லேத்திலும் வெல்டிங் பட்டறையிலும் ஒரு வாரத்தில் முடிந்தன. அதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. தரைக் கம்பைப் பெட்டியின் தலையோடு வெட்டிக் கட்டையாக்கி, அந்தக் கட்டையைப் பழைய ஸ்டியரிங் தண்டு ஆட்ட வேண்டும். அங்கேதான் கணக்கு தொடங்கியது.

அந்தக் கட்டை ஒரு நெம்புகோல். நடுவில் குமிழ் அச்சு. அச்சுக்குக் கீழே 35 மி.மீ. நீள நாக்கு செலக்டர் தண்டைப் பிடிக்கிறது. கியர் முழுதாக விழ அந்தத் தண்டு 9.5 மி.மீ. நகர வேண்டும் என்று அளந்து வைத்துக்கொண்டோம். மேலே ஸ்டியரிங்கில், தூணின் அச்சிலிருந்து லிவரின் குமிழ்வரை 250 மி.மீ. நியூட்ரலிலிருந்து கியருக்குக் கை 70 மி.மீ. போகிறது; அதாவது ஸ்டியரிங் தண்டு ஏறக்குறைய 16 டிகிரி சுழல்கிறது. தூணின் அடியில் 60 மி.மீ. கரம், பெட்டியின் கட்டையிலும் அச்சுக்கு மேலே 60 மி.மீ. கரம், இரண்டையும் ஒரு இணைப்புக் கம்பி சேர்க்கிறது என்று வைப்போம். அடிக்கரத்தின் நுனி 16.5 மி.மீ. நகரும். கட்டையின் மேல் நுனியும் அவ்வளவே நகரும். கீழ் நாக்கு அதில் 60-க்கு 35 பங்கு, 9.6 மி.மீ. நகரும். வேண்டியது 9.5. காகிதத்தில் கணக்கு சரி.

கை 70 மி.மீ. நகர்ந்து செலக்டர் தண்டு 9.6 மி.மீ. நகர்கிறது என்றால் விசை ஏழு மடங்குக்கு மேல் பெருகுகிறது. கையில் 3 கிலோ அழுத்தம், தண்டில் 20 கிலோவைத் தாண்டும். நெம்புகோல் போடும் பேரம் இதுதான்: தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம்.

காகிதத்தில் சரியாக வந்த கணக்கு வண்டியில் தோற்றது. முதல் கியர் விழுந்த மாதிரி இருக்கும்; குண்டு பள்ளத்தில் உட்காராது. காரணம் மூட்டுகளின் ஆட்டம். ‘ப்ளே’ என்பார்கள் பட்டறையில். ஒவ்வொரு மூட்டிலும் 0.3 மி.மீ. தளர்வு என்றால் நான்கு மூட்டில் 1.2 மி.மீ. கை நகர்வதில் அவ்வளவும் வீணாகிறது; மீதிதான் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. 9.6-க்கும் 9.5-க்கும் நடுவே இருந்த இடைவெளி எங்கே, இது எங்கே!

மூட்டுகளில் உள்ள ஒரு புஷ்ஷையும் மாற்றாமல் இந்த ஆட்டத்தின் பாதிப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. எனக்கு இது புரிந்த நாளில் கொட்டகையில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். இணைப்புக் கம்பி 16.5 மி.மீ. நகரும்போது 1.2 மி.மீ. தளர்வு என்பது 14-இல் 1 பங்கு. இரண்டு முனைக் கரங்களையும் 30 மி.மீ. ஆக்கினால் விகிதம் மாறாது. ஆனால் கம்பியின் நகர்வு பாதியாகிவிடும், அதே 1.2 மி.மீ. இப்போது 7-இல் 1 பங்கு. கையில் 10 மி.மீ. வெறும் ஆட்டமாகத் தெரியும். கரங்களை 90 ஆக்கினால் கையில் ஆட்டம் 3 மி.மீ. சொச்சம்தான். தளர்வு அதே அளவுதான் இருக்கிறது. அசைவைப் பெரிதாக்கிவிட்டால் தளர்வு சிறியதாகிவிடுகிறது. ஆகவே வழியில் அசைவைப் பெரிதாகக் கொண்டுபோ, கடைசி முனையில் சுருக்கு.

ஸ்டியரிங் பக்கம் 90, பெட்டிப் பக்கம் 80 என்று கரங்களை வெட்டினோம். கம்பி 24.8 மி.மீ. நகரும், தண்டுக்கு 10.8 கிடைக்கும். வேண்டியதற்கு மேல் 1.3 மி.மீ. கம்பி அளவில் பார்த்தால் 3 மி.மீ. உபரி, 1.2 தளர்வை விழுங்கியும் மிஞ்சுகிறது. 150, 200 என்று ஏன் போகக் கூடாது? சைலன்சர் குழாய் ஒருபக்கம், எஞ்சின் ஒருபக்கம் என்று இடம் இல்லை. நீளமான கரம் வளையும். வளைவதும் ஒருவகை ஆட்டம்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் கரம் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நின்றால் இருபக்கமும் ஒரே அளவு நகர்வு. 60 மி.மீ. கரம் 30 டிகிரி சாய்ந்து தொடங்கினால், 15 டிகிரி ஒருபக்கம் போக 12.4 மி.மீ., மறுபக்கம் போக 14.5 மி.மீ. என்று ஆகிவிடும். இரண்டாவது கியர் நன்றாக விழும், முதல் கியர் அரைகுறையாக விழும். அரைகுறையாக விழுந்த கியரின் பற்கள் நுனியில் மட்டும் பிடித்துத் தேய்ந்து சரிவாகும். சரிவான பற்கள் சுமை வந்தவுடன் ஒன்றையொன்று தள்ளிவிடும். ‘கியர் துள்ளுது’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் நோய்க்கு இது ஒரு காரணம்.

இவ்வளவும் சரிசெய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். ஸ்டியரிங்கில் இருந்த லிவர் எஞ்சினின் தாளத்துக்கு நடுங்கியது. வாலாஜாபாத் சாலையில் ஒரு சுற்று போனோம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த ஒவ்வொரு முறையும் லிவர் ஓரமாகத் துடித்தது. நியூட்ரலில் மெல்ல உருளும்போது மூன்றைத் தேடிய கை முதல் கியரின் தளத்தில் போய் முட்டியது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பிழை முழுக்க நாங்கள் மாட்டிய விதத்தில்தான்.

அன்று மாலை ஏரிக்கரைக்குப் போனேன். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி. திரையன் என்ற அரசன் பெயரால் திரையனேரி என்றிருந்தது தென்னேரி ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். கரையில் நின்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்கள் தெரியும். பழைய ஏரிகளில் இருக்கும் தூம்பை நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே துளையிட்ட கற்கள், அந்தத் துளைகளின் வழியே இறங்கும் நீண்ட தண்டு, தண்டின் அடியில் கண்ணை அடைக்கும் முளை. மேலே நிற்பவர் தண்டைத் தூக்கினால் கீழே மடை திறக்கும். கைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு தண்டு. நம் கியர் போலவே. ஆனால் அந்தக் குறுக்குக் கற்கள் எதற்கு? காற்றும் அலையும் தண்டை அலைக்கழிக்காமல் இருக்க. மேல்கீழ் அசைவை மட்டும் அவை விடுகின்றன. பக்கவாட்டு அசைவை விடுவதில்லை.

நாங்கள் கையின் அசைவை எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் யோசித்திருந்தோம். எது போகக் கூடாது என்று யோசிக்கவே இல்லை.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒருபக்கம் உருண்டு சாயும், விட்டால் திரும்பும். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டியது; அதுவும் சாயும். ஸ்டியரிங் தூணோ பாடியோடு இறுகியது, அது அசையாது. ஆக, நம் கம்பிகள் அசையாத ஒன்றையும் அசையும் ஒன்றையும் இணைக்கின்றன. எஞ்சின் 3 டிகிரி சாய்ந்தால், அதன் உருளும் அச்சிலிருந்து 200 மி.மீ. தள்ளியிருக்கும் புள்ளி 10 மி.மீ.க்குச் சற்று மேல் பக்கவாட்டில் நகரும்.

தள்ளல் கம்பி முன்னிருந்து பின்னாக, வண்டியின் நீளவாக்கில் ஓடுகிறது. நீளம் 400 மி.மீ. அதன் ஒரு முனை பக்கவாட்டில் 10 மி.மீ. போனால் கம்பியின் வழியே எவ்வளவு இழுபடும்? செங்கோண முக்கோணத்தின் கணக்குப்படி 0.13 மி.மீ. அளவுதான். கையால் உணர முடியாது. தேர்வுக் கம்பியை நாங்கள் குறுக்காக, இடமிருந்து வலமாக ஓட்டியிருந்தோம். பெட்டியின் கட்டை இடம் வலமாகத்தானே ஆட வேண்டும், நேராகவே தள்ளிவிடலாமே என்ற எண்ணம். அந்தக் கம்பிக்கு எஞ்சினின் 10 மி.மீ. சாய்வு அப்படியே 10 மி.மீ. தள்ளலாகப் போய்ச் சேர்ந்தது. தளத்திலிருந்து தளத்துக்குப் போக வேண்டிய நகர்வே அவ்வளவுதான்! எஞ்சின் தானாகவே கியரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

ஒரே எஞ்சின், ஒரே சாய்வு. கம்பி ஓடும் திசை மாறினால் பாதிப்பு எழுபது எண்பது மடங்கு வேறுபடுகிறது. கியர் இணைப்பு செய்யும் யாரும் முதலில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அசைவு எந்தத் திசையில் வருகிறதோ அதற்குச் செங்குத்தாகக் கம்பியை ஓட்டு.

முன்பின் அசைவும் கொஞ்சம் உண்டு. பிரேக் அடித்தால் எஞ்சின் முன்னால் ஊர்ந்துவிடும். தள்ளல் கம்பிக்கு அது நேரடிப் பகை. அதற்கு இருமுனையிலும் ரப்பர் வைத்த ஒரு தாங்கு கம்பியை எஞ்சினுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே கட்டினோம். தேர்வுக்கு வேறு வழி வேண்டும்.

வழி சைக்கிளில் இருந்தது. பிரேக் ஒயர். உள்ளே கம்பி, வெளியே உறை. உறையின் ஒரு முனை பாடியில் இறுகட்டும், மறு முனை பெட்டியில் இறுகட்டும். எஞ்சின் எப்படிச் சாய்ந்தாலும் உறையும் கம்பியும் சேர்ந்தே வளைந்து கொடுக்கும். பெட்டிக்குப் போய்ச் சேர்வது உறைக்குள் கம்பி எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான். இரண்டு முனைகள் எங்கே இருக்கின்றன என்பது செய்தியில் கலப்பதில்லை. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் இன்றைய கார்களில் பெரும்பாலும் தேர்வுக்கு ஒன்று, தள்ளலுக்கு ஒன்று என இரண்டு கேபிள்கள் இருப்பதற்குக் காரணம் இதுவே. இழுக்கவும் தள்ளவும் தாங்கும் தடித்த கேபிள் வேண்டும். சைக்கிள் ஒயர் தள்ளினால் மடங்கிவிடும்.

கேபிளுக்கும் ஒரு விலை உண்டு: உராய்வு. மிரளும் மாட்டின் கயிற்றைக் கையால் பிடிக்க முடியாது. அதையே கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிறுவன் பிடித்து நிறுத்துவான். கயிறு கம்பத்தை உராயும் ஒவ்வொரு டிகிரியிலும் இழுவிசை ஒரு பங்கு குறைகிறது; குறைந்ததில் மறுபடி அதே பங்கு குறைகிறது. கூட்டு வட்டி மாதிரி. உராய்வுக் கெழு 0.3 என்றால் இரண்டு சுற்றில் விசை 43 மடங்கு மாறிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதைச் சமன்பாடாக எழுதினார். உறைக்குள் வளைந்து போகும் கேபிளுக்கும் அதே சமன்பாடு. இரண்டு செங்கோண வளைவு, மொத்தம் 180 டிகிரி, உள்ளே வழவழப்பான பூச்சு இருந்து கெழு 0.1 என்றால் கை 37 சதவீதம் கூடுதலாகத் தள்ள வேண்டும். பூச்சு தேய்ந்து, தூசி படிந்து 0.2 ஆனால் 87 சதவீதம்.

அந்தச் சமன்பாட்டில் வளைவின் ஆரம் வருவதே இல்லை. பெரிய வளையமாக விட்டாலும் சின்ன வளையமாக விட்டாலும் மொத்தம் எத்தனை டிகிரி திரும்பினோம் என்பதுதான் கணக்கு. மிகக் கூர்மையாக வளைத்தால் கேபிளின் இழைகள் நைந்துபோகும் என்பது வேறு விஷயம். அழகாகச் சுற்றிக் கொண்டுபோவதைவிட நேராகக் கொண்டுபோய் ஒரே ஒரு முறை திருப்புவது நல்லது. எங்கள் கேபிள் மொத்தம் 120 டிகிரிக்குள் அடங்கியது.

இனி எண்களின் வரிசை. நான்கு கியர் பெட்டியில் மூன்று தளங்கள்: 1–2, 3–4, ரிவர்ஸ். பல ஐந்து கியர் பெட்டிகளிலும் மூன்றே தளங்கள்தான்: 1–2, 3–4, கடைசியில் 5-உம் ரிவர்ஸும் எதிரெதிரே. எண்ணிக்கை பொருந்துவதால் இணைத்துவிடலாம் என்று தோன்றும். பழைய பெட்டியில் ரிவர்ஸ் எந்த ஓரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. 3–4-ஐ அடுத்து இருந்தால் அதிர்ஷ்டம், அப்படியே பொருந்தும். 1–2-ஐ அடுத்து இருந்தால் பொருந்தாது. நெம்புகோலும் கேபிளும் ஒரு வரிசையை நீட்டலாம், நகர்த்தலாம், மொத்தமாகத் தலைகீழாகத் திருப்பலாம். ஓரத்தில் இருப்பவரைத் தூக்கி மறு ஓரத்தில் உட்கார வைக்க அவற்றால் ஆகாது. எத்தனை கரம் சேர்த்தாலும் ஆகாது. வரிசை என்பதன் இயல்பு அது. அந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றே: 1–2, 3–4 தளங்களைக் கை அறிந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தண்டின் நகர்வுக்கு ஒரு பக்கம் இருந்த தடையை அகற்றி, மறுபக்கம் தடை வைப்பது. பழைய ரிவர்ஸ் இருந்த இடத்தில் சுவர். புதிய ரிவர்ஸ் எதிர் ஓரத்தில். கை ஒரு நாளில் நூறு முறை போகும் இடங்கள் மாறவில்லை; நாலைந்து முறை போகும் இடம் மட்டும் மாறுகிறது. எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் அடிக்கடி போகும் பாதையைக் காப்பாற்றுவதே நியாயம்.

ஐந்திலிருந்து நேராக இழுத்தால் ரிவர்ஸில் விழுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். இத்தகைய பெட்டிகளில் அதற்கென்றே உள்ளே ஒரு தடை இருக்கும்: நடுத்தளத்துக்கு வந்து திரும்பிப் போனால்தான் ரிவர்ஸ் கிடைக்கும். தரைக் கம்பை வெட்டும்போது அந்தத் தடையையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது.

வேலை முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52-இன்படி வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு ஒப்புதலும் பதிவுச் சான்றில் பதிவும் தேவை. எஞ்சின் எண் மாறுகிறது. காப்பீடும் அதைப் பொறுத்தது. 50 ஆண்டு கடந்த வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2021-இல் வந்த விதியின்படி ‘விஏ’ எழுத்துகளோடு பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெற, எஞ்சினிலோ சேசிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியின் எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை பழைய எஞ்சினையே சீர்செய்ய முடியுமா என்று பாருங்கள். பெரியப்பாவின் வண்டிக்கு அவ்வளவு வயதில்லை.

கடைசி வேலை நியூட்ரலைப் பூட்டுவது. தூணின் அடிக்கரத்திலும் அதைத் தாங்கும் தகட்டிலும் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, இரண்டும் நேராக நிற்கும்போது டிரில் பிட்டை உள்ளே செருகினோம். பெட்டியும் நியூட்ரலில். இப்போது கம்பியின் நீளத்தை நூல் நூலாகத் திருகி, மூட்டு தானாக வந்து உட்காரும் இடத்தில் நட்டை இறுக்கினோம். பிட்டை உருவினோம். பெரியப்பா ஏறி உட்கார்ந்தார். கிளட்சை அழுத்தி, தன் பக்கம் இழுத்து, தூக்கினார். அடியில் படுத்திருந்த எனக்குக் குண்டு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. அடுத்தது, அதற்கு அடுத்தது. நாலாவதுக்குப் பிறகு கை ஒரு கணம் தயங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் ஐந்தைக் கண்டுபிடித்தது.

“அந்தப் பிட்டை எடுத்துட்டுப் போயிடாதப்பா” என்றார் மெக்கானிக் அண்ணனிடம். “புஷ் தேஞ்சா மறுபடி வைக்கணும் இல்ல.”

டாஷ்போர்டு அறையில், துணியில் சுற்றி, பதிவுச் சான்றுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.